சுயம்புலிங்கம் எதிர் சுயம்புலிங்கம்

தீர்ப்பாயத்தின் டவாலி வாசலில் நின்று வழக்கப்படி மூன்று முறை கூவினார்.

“சுயம்புலிங்கம்... சுயம்புலிங்கம்... சுயம்புலிங்கம்!”

வேப்பமரத்தடியிலிருந்து ஒருவரும் டீக்கடைப் பக்கமிருந்து ஒருவருமாக இரண்டு பேர் எழுந்து வந்தார்கள். அதே முன்வழுக்கை, அதே தொப்பை, இடதுகாலைக் கொஞ்சம் இழுத்துவைக்கும் அதே நடை. டவாலி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஒருத்தரத்தானவே கூப்பிட்டேன்.”

“ரெண்டு பேரும் கட்சிக்காரங்கதான் அண்ணாச்சி. விடுங்க உள்ள” என்றேன்.

வாதி சுயம்புலிங்கம், பிரதிவாதி சுயம்புலிங்கம். நான் பிரதிவாதியின் வக்கீல், பெயர் ஞானதீபம். என்றைக்காவது ஒரு பிரதி வந்து வாதாடும் என்று முன்கூட்டியே யோசித்துத்தான் எந்தப் புண்ணியவானோ ‘பிரதிவாதி’ என்று பெயர் வைத்திருக்கிறான் போலும். சுயம்பு என்றால் தானாகத் தோன்றியவர். அதற்காகப் பெற்றவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்கள் பெயர் வைத்த காலத்தில் இந்த மெஷின் வந்திருக்கவில்லை.

மெஷின் வந்தது பிறகு. ‘மறுபதிப்பு’ என்ற நிறுவனம் தூத்துக்குடி முழுக்கத் தட்டி வைத்தது: ‘நீங்களும் போகலாம், நீங்களும் இருக்கலாம்!’ வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர் வீட்டில் ஒரு பிரதியை விட்டுவிட்டுப் போகலாம். துறைமுகத்தில் கிரேன் மெக்கானிக்காக இருந்த சுயம்புலிங்கத்துக்கு நார்வே கடலில் காற்றாலை பார்க்கிற வேலை கிடைத்தது. மூன்று வருஷ ஒப்பந்தம். மெஷினில் படுத்து எழுந்தார்; ஒருவர் விமானம் ஏறினார், இன்னொருவர் மினிபஸ் பிடித்து வீட்டுக்குப் போனார். மூன்று வருஷம் முடிந்து விமானம் ஏறியவர் திரும்பி வந்தார். மினிபஸ்காரரை ரத்து செய்யச் சொல்லி வழக்குப் போட்டார்.

ரத்து என்ற சொல்லை நான் சும்மா போடவில்லை, சட்டத்தில் உள்ளது. மனிதர்களை நகலெடுப்பது சந்தைக்கு வந்து வெகுகாலம் கழித்துத்தான் அரசாங்கம் கண் விழித்தது. விழித்ததும் அவசரம். யாரோ ஒரு அதிகாரி, மதிப்பெண் சான்றிதழைத் தொலைத்தவர்களுக்கு மாற்றுச் சான்றிதழ் கொடுக்கும் விதிகளை எடுத்து, ‘சான்றிதழ்’ என்று வருகிற இடத்திலெல்லாம் ‘நபர்’ என்று மாற்றிச் சட்டமாக்கிவிட்டார். நகலெடுப்பதை முறைப்படுத்தும் சட்டமே ஒரு நகல். அதன் ஏழாவது பிரிவு சொல்வது: ‘அசல் நபர் திரும்பக் கிடைத்தவுடன், டூப்ளிகேட் நபர் வழங்கிய அலுவலகத்தில் ஒப்படைக்கப்பட்டு, குறுக்கே கோடிட்டு ரத்து செய்யப்பட வேண்டும்.’ ஒன்பதாவது பிரிவின்படி டூப்ளிகேட் நபரை லேமினேட் செய்வது குற்றம்.

படிக்கும்போது எனக்கும் சிரிப்பு வந்தது. குறுக்கே கோடு எப்படிப் போடுவார்கள் என்று விசாரித்த பிறகு வரவில்லை. மறுபதிப்பு அலுவலகத்தின் பின்பக்கம் ஒரு அறை, ஒரு கட்டில், ஒரு ஊசி. வலிக்கவே வலிக்காது என்றார்கள். ரத்தானவர்களில் ஒருவர்கூட இதுவரை வந்து புகார் சொல்லவில்லை என்பதுதான் அதற்கு ஆதாரமாம்.

“தோத்துட்டா என்னைக்கு மேடம் கூட்டிட்டுப் போவாங்க?” என்று முதல் சந்திப்பிலேயே என் கட்சிக்காரர் கேட்டார்.

“தீர்ப்புக்கு மறுநாள்.”

தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு, “அப்ப கேஸ் முடியறதுக்குள்ள என் வீட்டுக்காரி செல்விக்குத் தண்ணி மோட்டர மாத்திக் குடுத்திரணும். ராத்திரி ஒரே சத்தம், அவளுக்குத் தூக்கமில்ல” என்றார். அந்த மனிதரை அந்த ஊசிக்கு அனுப்பக் கூடாது என்று நான் அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

நீதிபதி சிதம்பரதாணுவுக்குத் தமிழ் மீது தீராத காதல். அவர் முன்னால் ‘டைம்’ என்று சொன்னால் வழக்கையே தள்ளி வைப்பார், ‘வாய்தா’ என்று சொன்னாலும் முறைப்பார். உட்கார்ந்ததும் சட்டப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார்.

“டூப்ளிகேட், டூப்ளிகேட் என்று ஆங்கிலத்தை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். இந்தத் தீர்ப்பாயத்தின் மொழி தமிழ். ஒருவர் தமிழில் என்னவென்று தெரியாமல் அவரை நான் எப்படி ரத்து செய்வது? முதலில் அர்த்தம் சொல்லுங்கள்.”

வாதியின் வக்கீல் கிருபாகரன் எழுந்தார். எங்கள் ஊர் வக்கீல்களில் மேஜையைத் தட்டாமல் பேசத் தெரியாதவர் அவர்.

“போலி, ஐயா! இதில் சந்தேகமே இல்லை. டூப்ளிகேட் மாத்திரை, டூப்ளிகேட் சரக்கு, டூப்ளிகேட் பட்டு. தெருவில் யாரை வேண்டுமானாலும் நிறுத்திக் கேளுங்கள், டூப்ளிகேட் என்றால் போலி. ஆங்கிலத்தில் அதற்கு ஆயிரம் அர்த்தம் இருக்கட்டும். நம்ம ஊரில் அது இறங்கும்போதே ஃபிராடு ஆகித்தான் இறங்கியது.”

நான் எழுந்தேன். “ஐயா வீட்டில் டூப்ளிகேட் சாவி உண்டா?”

நீதிபதி கொஞ்சம் யோசித்தார். “உண்டு.”

“பூட்டு திறக்கிறதா?”

“அதுதான் திறக்கிறது. அசல் சாவி வளைந்து போச்சு.”

“அது போலிச் சாவியா, ஐயா?”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். கிருபாகரன் மேஜையைத் தட்டினார். “சாவியும் புருஷனும் ஒன்றா? ஒரு வீட்டுக்கு ரெண்டு சாவி இருக்கலாம் ஐயா!”

நீதிபதி இதை ரசித்தது போலத் தெரிந்தது. ஆனாலும் சொல் அகப்படவில்லை. ‘படி’ என்று பார்த்தார். “படி என்று எழுதினால், இது பயணப்படியா பஞ்சப்படியா என்று நிதித்துறையிலிருந்து கேட்பார்கள்.” ‘பிரதி’ என்று பார்த்தார். “பிரதிவாதியான பிரதி என்று தட்டச்சு செய்யச் சொன்னால் அந்தப் பெண் வேலையை விட்டுவிடும்.” கடைசியில் ‘நகல்’ என்றார். “நகல் என்றால் சான்றொப்பம் வேண்டும். முத்திரை வேண்டும். இவருக்கு எங்கே குத்துவது?”

“குத்தியாச்சு ஐயா” என்றார் என் கட்சிக்காரர்.

சட்டைக் காலரை இறக்கிவிட்டுத் திரும்பி நின்றார். பிடரிக்குக் கீழே சிவப்பு எழுத்தில், வட்டமாக, டூப்ளிகேட் என்று பச்சை குத்தியிருந்தது. நிறுவனத்தின் பெயர், வருஷம் எல்லாம் இருந்தது. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “சாட்சிகளைக் கூப்பிடுங்கள்” என்றார்.

முதலில் வாதி ஏறினார். அவரைக் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். மூன்று வருஷம் குளிர்க்கடலில் கிடந்து வந்த மனிதர், வந்த இடத்தில் தன் நாற்காலியில் தானே உட்கார்ந்திருந்தால் யாருக்கும் வயிறு எரியும்.

“நான் எப்படி விட்டுட்டுப் போனேனோ அப்படியே இருக்கணும்னுதானே ஐயா துட்டக் குடுத்து வச்சிட்டுப் போனேன்? இவன் இஷ்டத்துக்கு மாத்திட்டான். என் மாமியாரக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயி கூடவே நாலு நாள் கெடந்துருக்கான். நான் அந்தக் கிழவிகிட்ட பேசியே ஆறு வருஷம் ஆச்சு! இப்ப அது எங்க வீட்லயே இருந்துக்கிட்டு என்னப் பாத்து ‘மாப்ள, மாப்ள’ன்னு வருது. எனக்கு உடம்பெல்லாம் கூசுது.”

“அதாவது நகல் சரியில்லை என்கிறீர்கள்” என்றார் நீதிபதி.

“ஆமா ஐயா. அவன் பாத்திரம் கழுவுதான். நான் கழுவ மாட்டேன். பெறகு எப்படி அவன் நானாவான்?”

நான் குறுக்கு விசாரணை எதுவும் செய்யவில்லை. தன்னைப் பற்றி ஒரு மனிதர் தானே இவ்வளவு தெளிவாகச் சொல்லும்போது வக்கீல் நடுவில் போய் நிற்கக் கூடாது.

அடுத்து என் கட்சிக்காரர். ஏன் மாறினீர்கள் என்று நீதிபதியே கேட்டார்.

“மாறல ஐயா. வந்த அன்னைக்கு நானும் அவரு மாதிரிதான் இருந்தேன். செல்வி காப்பி கொண்டாந்து வச்சா. ஆறிப்போச்சுன்னு கத்தப் போனேன். அப்பத்தான் தோணிச்சு, நமக்கு மூணு வருஷம்தான், அதுக்குப் பெறகு ஊசின்னு. அதுல ஒரு காப்பிக்கு எதுக்கு அஞ்சு நிமிஷத்தப் போக்கணும்? குடிச்சேன். நல்லாத்தான் இருந்துச்சு.” வாதியைத் திரும்பிப் பார்த்தார். “ஆறின காப்பியும் நல்லாத்தான் ஐயா இருக்கும். அவருக்கு அது தெரியாது. அவருக்கு நேரம் நெறைய இருக்கு.”

கிருபாகரன்கூட மேஜையைத் தட்டவில்லை.

அப்புறம் இசக்கிசெல்வி. துறைமுகத்துப் பக்கம் ஒரு சரக்கு நிறுவனத்தில் கணக்கு பார்க்கிறவள். முப்பத்தைந்து வயதிருக்கும். கூண்டில் ஏறி, இரண்டு பக்கமும் பார்க்காமல் நேரே நீதிபதியைப் பார்த்து நின்றாள்.

“இவர்களில் உங்கள் கணவர் யார்?” என்றார் கிருபாகரன், மிடுக்காக.

“தாலி கட்டினது யாருன்னு கேட்டா, ரெண்டு பேருக்கும் கட்டின ஞாபகம் இருக்கு சார். மூணாவது முடிச்சு போடும்போது கை நடுங்கிச்சுன்னு ரெண்டு பேரும் சொல்லுதாக.”

“சரி, யாருடன் வாழ விரும்புகிறீர்கள்?”

“அவுக கட்டினாக, இவுக இருந்தாக.” என் கட்சிக்காரரைக் கை காட்டியபோது அவள் குரல் உடைந்தது. “கல்யாணமாகி ஒம்பது வருஷம் சார். எனக்கு என்ன நிறம் புடிக்கும்னு முதல் ஆறு வருஷம் யாரும் கேக்கல. இவரக் கொன்னுராதீங்க. வேற ஒன்னும் நான் கேக்கல.”

அவள் கேட்டது அது ஒன்றுதான். அதை வாங்கிக் கொடுக்க என் கையில் மீதியிருந்தது ஒரே ஒரு சாட்சி, மறுபதிப்பு நிறுவனத்தின் தொழில்நுட்ப மேலாளர் நிகிலன். என் திட்டம் சாதாரணமானது. பிரதிக்கும் அசலுக்கும் எந்த வித்தியாசமும் இல்லை என்று அவர் வாயாலேயே சொல்ல வைத்து, ‘போலி’ என்ற சொல்லை வெட்டிவிட வேண்டும். அதற்கு மேல் நான் எதையும் எதிர்பார்க்கவில்லை.

நிகிலன் டை கட்டிக்கொண்டு வந்திருந்தார். தூத்துக்குடி வெயிலில் அதற்கே ஒரு துணிச்சல் வேண்டும்.

“உங்கள் பிரதிகளில் தரக்குறைவு இருக்கும் என்கிறார் வாதி. உண்மையா?” என்றேன்.

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. “மேடம், எங்க மெஷின்ல குவாலிட்டி கம்ப்ளெயின்டே வந்ததில்லை. ரெண்டுக்கும் ஒரு அணு வித்தியாசம் காட்டுங்க பாப்போம்!”

“அதெப்படி? அசல் அசல்தானே? அதைப் பார்த்து எடுக்கிற நகலில் கொஞ்சமாவது மங்கல் இருக்காதா? ஜெராக்ஸ் கடையில்கூட இருக்கிறதே?”

ஜெராக்ஸ் கடை என்றது அவருக்குப் பொறுக்கவில்லை.

“அது அசலப் பாத்து நகல் எடுக்கறது மேடம். நாங்க அப்படிப் பண்றதே இல்ல. உடம்ப அணு அணுவாப் படிக்கணும்னா, படிக்கப் படிக்க அது கலைஞ்சுக்கிட்டே வரும். படிச்சு முடிக்கும்போது கட்டில்ல ஒன்னும் இருக்காது. அதுக்கப்புறம் பக்கத்து ரெண்டு கட்டில்லயும் ஒரே நேரத்துல அச்சு எடுப்போம். டெலிவரியே இன் டூப்ளிகேட்தான்! அதனாலதான் ரெண்டும் அவ்வளவு சுத்தமா வருது.”

சொல்லிவிட்ட பிறகுதான் என்ன சொன்னோம் என்று நிகிலனுக்கு உறைத்தது. டையைத் தளர்த்திக்கொண்டார்.

“அப்படியென்றால் அசல் என்று யாரை அனுப்பி வைத்தீர்கள்?” என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

“ஜன்னலோரக் கட்டில்ல வர்றவங்கள.”

“மற்றவருக்கு?”

“பச்சை குத்திருவோம்.”

வாதி சுயம்புலிங்கம் எழுந்து நின்றுவிட்டார். கை தானாகப் பிடரிக்குப் போய்த் தடவிப் பார்த்தது.

நான் அந்த நொடியைத் தவறவிடவில்லை. “ஐயா, ஆங்கிலத்தில் ‘இன் டூப்ளிகேட்’ என்றால் ஒன்று அசல், ஒன்று நகல் என்று பொருள் இல்லை. ஒரே பத்திரத்தை இரண்டாக எழுதி ஆளுக்கொன்று கொடுப்பது. இரண்டுக்கும் ஒரே மதிப்பு. ஆகவே இரண்டு பேருமே அசல்! ஏழாவது பிரிவு இங்கே செல்லாது.”

கிருபாகரன் ஆட்சேபம் என்று கத்தினார். எதற்கு ஆட்சேபம் என்று கேட்டபோது அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. நீதிபதி மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தீர்ப்பு என்று எழுந்து போனார்.

மதியம் மூன்று மணி வாக்கில் வந்து வாசித்தார். நீளமான தீர்ப்பு. தமிழின் சொல்வளம் பற்றி மட்டும் பாதி. முக்கியமான இடத்தைச் சொல்கிறேன்.

“வழக்கறிஞர் ஞானதீபம் அவர்களின் வாதத்தில் பாதியை ஏற்கிறேன். இருவருக்கும் ஒரே மதிப்பு என்பது சரி. ஆனால் இருவரும் அசல் என்பது எப்படி? மெஷினுக்குள் போனவர் ஒருவர். அவர் கலைந்துவிட்டார் என்று நிறுவனமே சொல்கிறது. வெளியே வந்த இருவரும் அச்சுதான். ஆகவே வாதி, பிரதிவாதி இருவருமே டூப்ளிகேட். அசல் திரும்பக் கிடைத்தால் மட்டுமே டூப்ளிகேட்டை ரத்து செய்ய முடியும். அசல் கிடைக்கப்போவதில்லை. எனவே யாரையும் ரத்து செய்ய வழியில்லை. சொல்லைப் பொறுத்தவரை, இந்தச் சட்டத்தில் டூப்ளிகேட் என்பதை இனி ‘இணை’ என்று வாசிக்க வேண்டும்.”

என் கட்சிக்காரர் நாற்காலியில் சரிந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார். இசக்கிசெல்வி கைகூப்பி நின்றாள். எனக்கும் கண்ணில் நீர் வந்தது. வக்கீல்கள் அழக் கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

நீதிபதி இன்னும் முடிக்கவில்லை.

“இதன் தொடர்ச்சியாக ஒன்று. திருமணம் நடந்தது அசல் சுயம்புலிங்கத்துக்கும் இசக்கிசெல்விக்கும். அந்தச் சுயம்புலிங்கம் மூன்று ஆண்டுகளுக்கு முன்பே இல்லாமல் போய்விட்டார். எனவே சட்டப்படி இந்த அம்மையாருக்குக் கணவர் இல்லை. வீடு அவர் பெயருக்கு மாற்றப்பட வேண்டும். இணைகள் இருவரும் அவருக்குச் சட்டப்படி மூன்றாம் மனிதர்கள்.”

எனக்குத் தெரிந்து அந்தத் தீர்ப்பாயத்தில் யாருமே அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உயிர் தப்பியதுதான் அன்றைய செய்தி.

வெளியே வராந்தாவில் நான் வழக்குக் கட்டுகளைக் கட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு சுயம்புலிங்கங்களும் கொஞ்ச நேரம் எதிரெதிர்த் தூணில் சாய்ந்து நின்றார்கள். பிறகு வாதி மெதுவாக நடந்து போய் என் கட்சிக்காரர் பக்கத்தில் நின்றார்.

“ஆக, நானும் உன்ன மாதிரிதான்.”

“இல்ல” என்றார் என் கட்சிக்காரர். நிமிர்ந்து நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டார். “நானும் உன்ன மாதிரிதான். இனி எனக்கும் ஊசி கெடையாது, கெடுவும் கெடையாது. உனக்குள்ள ஆயுசு எனக்கும்.”

அதில் ஒரு மிடுக்கு இருந்தது. அதை அதுவரை நான் அவரிடம் பார்த்ததில்லை. ஜெயித்த சந்தோஷம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

“அப்ப வீட்ட என்ன செய்ய?” என்றார் வாதி.

“மேல ஒரு ரூம் எழுப்புவோம். நீ ஒரு வாரம் கீழ, நான் ஒரு வாரம் கீழ.”

“அதான் நானும் நெனச்சேன்.”

“அவ அம்மாவ இனி ஊருக்கு அனுப்பிருவோம். ரெண்டு ஆம்பள இருக்கற வீட்ல எடம் பத்தாது.”

“அதயும் நானே சொல்லணும்னு இருந்தேன்.”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். ஒரே மூளை, ஒரே கணக்கு. அவர்களுக்குள் ஒத்துப்போக ஐந்து நிமிஷம்கூடத் தேவைப்படவில்லை. இப்படி ஒரு சமரசத்தை என் இருபது வருஷத் தொழிலில் நான் பார்த்ததில்லை. யாருக்கும் நேரம் குறைவாக இல்லாதபோது மனிதர்கள் எப்படி இருப்பார்களோ அப்படி இருந்தார்கள்.

இசக்கிசெல்வி பக்கத்தில்தான் நின்றாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். முகத்திலிருந்து ஏதோ ஒன்று மெல்ல மெல்ல இறங்கிப் போவதை நான் பார்த்தேன். அது வரையில் அவள் அழுதது ஒரு மனிதருக்காக. அந்த மனிதரைக் காப்பாற்றிக் கொடுத்தது நான்தான். காப்பாற்றிய கையோடு அவர் காணாமல் போய்க்கொண்டிருந்தார்.

“எங்கம்மா எங்கயும் போக மாட்டாக” என்றாள் அவள். “அவுக எங்க வீட்ல...”

இருவரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். ஒரே குரலில், ஒரே தொனியில், இம்மி பிசகாமல் சொன்னார்கள்:

“ஏட்டி, நீ சும்மா இரு.”

நிகிலன் சொன்னது உண்மைதான். ஒரு அணு வித்தியாசம் இல்லை.

அவள் சும்மா இருந்தாள். அவர்கள் செங்கல் எவ்வளவு, சிமென்ட் எவ்வளவு என்று பேசிக்கொண்டு படியிறங்கிப் போனார்கள். அவள் வருகிறாளா என்று இரண்டு பேரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவர்கள் வாசலைத் தாண்டும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றவள், என்னிடம் வந்தாள்.

“மேடம், எனக்குப் புருஷன் இல்ல, அவுக மூணாம் மனுஷங்கன்னு ஐயா சொன்னாகல்ல. அது தீர்ப்புல எழுத்துல இருக்கா?”

“இருக்கு.”

“வீடும் என் பேர்லதான்னு?”

“இருக்கு. கடைசிப் பக்கத்துல.”

“அதுல எனக்கு நகல் கெடைக்குமா?”

“கிடைக்கும். ரெண்டாப் போட்டு வாங்கித் தாரேன், ஒன்னு தொலைஞ்சாலும் ஒன்னு இருக்கும்.”

அவள் அவசரமாகக் கையை ஆட்டினாள்.

“ரெண்டு வேண்டாம் மேடம். ஒன்னு போதும்.”